பின்னால் கிடந்த நாலு சக்கரம்

ஹலோ... ஹலோ, டொக்மான்... நான்தான்டா, அக்கா. எங்க இருக்கே?... கணவாய் தாண்டிட்டியா. சரி, சரி. வண்டியை ஓரங்கட்டு... இல்ல, தாமி எதையும் மறக்கல. பரீட்சைச் சீட்டு, சாப்பாட்டு டப்பா எல்லாம் பையில இருக்கு. நீ முதல்ல நிறுத்து, சொல்றேன்.

...தெரியும்டா. நேரமானா கேட்டை மூடிடுவாங்கன்னு எனக்கே சொல்றியா? உன் மருமக தாமியோட மூணாவது வருஷமா அந்தப் பரீட்சை ஹால் கேட் வாசல்ல நிக்கிறவடா நான்... ஆமா... ஆமா, குறுக்க பேசாம கேளு. இப்பதான் கடை ஷட்டரைத் தூக்கினேன். சென்சாருக்குப் போடற புது ரப்பர் வளையம், பாக்கெட்டே பிரிக்காம மேஜை மேல கிடக்கு. புரியுதா?... உனக்கு எப்படிப் புரியும், கோஸ் மூட்டை ஏத்தறவனுக்கு.

உன் பழைய சக்கரத்துக்குள்ள காத்து அளக்கற சென்சார் இருக்குல்ல. அதைக் கழட்டி, பனிக்காலச் சக்கரத்துல மாட்டணும்னு வச்சிருந்தேன். நேத்து கோயில்ல, தாமி பரீட்சைக்காக நான் இருந்த நூறு நாள் பிரார்த்தனையோட கடைசி ராத்திரி. நேரமாச்சுன்னு, சென்சார் ஞாபகமே இல்லாம சாதா வால்வைச் சொருகி, சக்கரத்தை மாட்டிவிட்டு ஓடிட்டேன். அவசரத்துல அண்டாவுக்குள்ள கை போகாதும்பாங்க, அந்தக் கதைதான். சென்சார் நாலும் இன்னும் பழைய சக்கரத்துலயே இருக்கு.

...டேஷ்போர்டுல காத்து சரியா காட்டுதா? நாலும் முப்பத்தஞ்சா?... காட்டும்டா, ஏன் காட்டாது. பழைய சக்கரம் நாலையும் உன் வேனுக்குப் பின்னாடிதானே தூக்கிப் போட்டேன். அது அங்க சுகமா படுத்துக்கிட்டு, நான் நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருக்கு. அதைப் பார்த்துத்தான் நேத்து நானும் ஏமாந்தேன். ரோட்டுல உருளற சக்கரத்துக்கு என்ன ஆச்சுன்னு உன் டேஷ்போர்டுக்குத் தெரியவே தெரியாது.

...என்ன?... இழுக்குதா? எந்தப் பக்கம்?... வலது பக்கமா. எப்பலேருந்து?... கிளம்பினதுலேருந்தேவா. ஸ்டீயரிங்கும் கனமா இருக்கா... ஐயோ, ஏன்டா இதை முதல்லயே சொல்லல... பனிக்கால டயர்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சியா. அப்படி இருக்காதுடா. முன் சக்கரத்துல காத்து இறங்குது. நான் போட்ட வால்வுதான் கசியுது. நிறுத்து. அடுத்த வளைவுக்கு முன்னாடி நிறுத்து.

...அபசகுனமா பேசறேனா? பரீட்சைக் காலையில வழுக்கும், விழும்னு வாயில வரக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா. வழுக்கற சாமானாச்சேன்னு கடல்பாசி சூப்பையே ஒரு மாசமா வீட்டுக்குள்ள விடாதவ நான்... இல்ல, மெதுவாவும் போக வேண்டாம். கீழ இறங்க இறங்க வளைவு, நிழல்ல எல்லாம் பனி உறைஞ்சு கிடக்கும். டயர் ரிம்மை விட்டுக் கழண்டுச்சுன்னா நீ ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். வண்டி பாட்டுக்குப் பள்ளத்துக்குப் போகும்.

...ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? தாமி கேக்கறாளா?... கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். பரீட்சை போனாப் போகட்டும்டா... ஆமா, நான்தான் சொல்றேன். குடிச்சுட்டுப் பேசல... கூடப் பரீட்சைக்கு வர்ற மருந்துக்கடைக்காரர் பையன் அழறானா? அழட்டும். அவங்க அம்மா கால்ல நான் விழுந்துக்கறேன். உசுரோட இருந்தா அடுத்த வருஷம் எழுதிக்கட்டும், இல்ல எழுதாமலே போகட்டும்.

...இன்னும் நம்பலையா. நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலு, எனக்குத் தெரிஞ்சதுதானே. சரி, காட்டறேன்... தாமி, கண்ணு, அம்மா பேசறேன். நீ பின் சீட்டுலதானே இருக்கே... உன் முதுகுக்குப் பின்னாடி சக்கரம் கிடக்கும் பாரு. எட்டி, ஒரு சக்கரத்தோட வால்வு மூடியைத் திருகு... வருதா?... இப்ப தலையில இருக்கற ஹேர்பின்னை எடுத்து நடுவுல அமுக்கு. பயப்படாதே... அமுக்கிப் பிடி, விடாதே... ம், சீறுது, எனக்கே கேக்குது. டொக்மான், நீ ரோட்டை மட்டும் பாரு. முன்னாடி இருக்கற மருந்துக்கடைத் தம்பி, நீ பார்த்துச் சொல்லுப்பா, டேஷ்போர்டுல என்ன காட்டுது... முப்பத்தொண்ணு... ம்... இருபத்தாறு... மஞ்சள் விளக்கும் வந்துருச்சா.

பார்த்தியாடா. ஒருத்தி பின்னாடி படுத்திருக்கற சக்கரத்துல காத்தைப் பிடுங்கினா, உன் வண்டி பஞ்சர்னு சொல்லுது.

...கத்தாதே. பிரேக்கை மிதிக்காதே, காலை எடு. கியரைக் கீழ இறக்கு. ரெண்டு பக்க விளக்கையும் போடு... ஓரத்துல மண்ணு தெரியுதா... ம்... அப்படியே விடு, தானா நிக்கட்டும்... டொக்மான்?... டொக்மான், பேசுடா... என்ன சத்தம் அது?... தாமி?... யாராவது பேசுங்களேன்...

...நின்னுருச்சா... எல்லாரும்?... எல்லாரும் நல்லா இருக்கீங்களா. தாமிக்கு ஒண்ணுமில்லையே... இரு. கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்.

...ரிம் தரையில உக்காந்துருச்சா. தொடாதே, அப்படியே கிடக்கட்டும்... என்னடா சிரிப்பு?... ஆமா, பின்னாடி நல்ல சக்கரமா கிடக்கு, தூக்கி மாட்ட ஒரு ஜாக்கி இல்ல. சிரி, சிரி... யாரு?... போலீஸ் வண்டியா? நேரமாகித் தவிக்கற பரீட்சைப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போய் விடத்தான் இன்னைக்குச் சுத்திக்கிட்டிருக்கும், கையைக் காட்டு... நிக்கறாங்களா. ரெண்டு பேரையும் ஏத்திவிடு, பேசிக்கிட்டு நிக்காதே... தாமிகிட்ட ஃபோனைக் குடு, ஒரே ஒரு நிமிஷம்... ஏறிட்டாளா. சரி, சரி. கூப்பிடாதே, போகட்டும்... சைரன் கேக்குது.

...சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டாளா?... ம்... ஏறும்போது ஏதாவது சொன்னாளா?... என்ன சொன்னா... மறைக்காதடா, சொல்லு.

...பரீட்சை போனாப் போகட்டும்னு அம்மா போன வருஷமே சொல்லியிருக்கலாமேன்னாளா.

...கோவமாவா சொன்னா?... அழுதுக்கிட்டேவா...

...ஆமா. சொல்லியிருக்கலாம். அவ சொல்றது சரிதான்.

...நீ வண்டிக்குள்ள உக்காராதே, ரோட்டை விட்டுத் தள்ளி நில்லு. ஜாக்கியை எடுத்துக்கிட்டு வரேன்... இல்ல, கோயிலுக்கு இன்னைக்குப் போகல. சாயங்காலம் அவ வெளிய வரும்போது கேட் வாசல்ல நிக்கணும்... பரீட்சை எப்படின்னு கேக்க மாட்டேன்டா. வேற என்ன பேசறதுன்னுதான் தெரியல. வழியில யோசிச்சுக்கறேன். வைக்கறேன்.