ஒதுக்கி வைத்த பாதி

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். மஜ்ஜை கொடுத்ததிலிருந்து எனக்கு இடுப்பு வலி, பலகை நாற்காலியில் உட்கார முடிவதில்லை. தங்கைக்காகக் கொடுத்தது. ஆஸ்பத்திரியே என்னைத் தியாகி என்றது. நானும் மறுக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கு வேலை. தானமாக வரும் மஜ்ஜையைப் பக்குவப்படுத்திப் பையில் அடைத்து வார்டுக்கு அனுப்புவேன். எலும்பைத் துளைத்து உள்ளே வைப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. ரத்தம் ஏற்றுவதுபோல் கை நரம்பில் ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, செல்கள் தாமாகவே எலும்பைக் கண்டுபிடித்துக் குடியேறும். எலும்பை ஒட்டிய இடத்தில் கால்சியம் அதிகம். அதை உணர்கிற ஒன்று செல்லின் மேற்புறத்தில் இருக்கிறது. வீடு வந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

எலிகளில் இதைப் பார்த்தாயிற்று. மனிதர்களிலும் இப்படித்தான் என்று நான் சொன்னபோது, எங்கள் துறைத் தலைவர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "கால்சியத்த ருசி பாக்க செல்லுக்கு நாக்கு இருக்குன்றீங்க. பல்லும் இருக்குமா, மேடம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை பிடிக்கும்.

என் தங்கையும் அந்தச் செல்களின் ரகம்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் மறுநாளே சமையலறையில் சர்க்கரை டப்பா எங்கே என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே சொல்லுவாள். நானோ கட்டிக்கொண்டு போன இடத்திலிருந்து ஒரே வருடத்தில் பெட்டியோடு திரும்பியவள். அம்மா எதையும் மறைத்துப் பேசமாட்டாள். "அவளப் பாரு, எங்க போட்டாலும் ஒட்டிக்கிறா. உனக்குத்தான் எங்கயும் ஒட்டத் தெரியலடி." கடைசியில் அம்மாவும் தங்கை வீட்டுக்கே குடிபோனாள். எனக்கு அதில் வருத்தமில்லை. விஞ்ஞானத்தில் சொந்த வருத்தத்துக்கு இடமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. என் மஜ்ஜைதான் பொருந்தியது. மருந்து கொடுத்து அவளுடையதை முழுவதும் அழித்துவிட்டார்கள். இனி என்னுடையது குடியேறினால்தான் அவளுக்கு உயிர்.

"அக்கா, உன்னோடது உள்ள வந்ததும் நானும் உன்ன மாதிரி சிடுமூஞ்சி ஆயிடுவேனா?"

"ஆயிட்டா நல்லதுதானே. வாயாவது குறையும்."

அவளால் சிரிக்கக்கூட முடியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

எந்தச் சோதனை செய்தாலும் பாதியை மருந்து படாமல் ஒதுக்கி வைப்பது என் பழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமல்லவா? அன்றும் அதையே செய்தேன். பாதி மஜ்ஜையை, கால்சியத்தை உணரவிடாமல் மழுங்கடிக்கும் மருந்தில் ஊறவைத்து வார்டுக்கு அனுப்பினேன். மறுபாதியை உறைபெட்டியில் வைத்தேன்.

முடிவு துல்லியமாக வந்தது. முகவரியைத் தொலைத்த விருந்தாளிகள் மாதிரி செல்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன. எலும்பில் ஒன்றுகூடத் தங்கவில்லை. தங்கைக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டரே கூடத்துக்கு ஓடி வந்தார்.

"மிச்சம் ஏதாவது இருக்கா, மேடம்? கொஞ்சம் இருந்தாக்கூடப் போதும், காப்பாத்திடலாம்."

உறைபெட்டி அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. "மொத்தத்தையும் அனுப்பிட்டேனே, டாக்டர்" என்றேன். அதையும் கொடுத்துவிட்டால் நான் எதோடு ஒப்பிடுவது?

உறைபெட்டியில் இருந்த அந்தப் பையைத் துறைத் தலைவர்தான் கண்டெடுத்தாராம். நல்லது. செல்லுக்கு நாக்கு உண்டு என்று இப்போதாவது நம்புகிறாரா, கேட்டுச் சொல்லுங்கள்.

பொறாமையா என்கிறீர்கள். தங்கை போனபின், அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாதான் என்னை அந்த வீட்டுக்குக் கூப்பிட்டாள். தங்கை கணவருக்கு வெளியூரில் வேலை. தங்கையின் அறையையே அம்மா எனக்குக் கொடுத்தாள். குழந்தை இப்போது நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறது. ஒருநாள் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பரவாயில்லடி, நீயும் ஒரு எடத்துல ஒட்டிக்கிட்ட."

அன்றுதான், எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக, விடியும்வரை விழிக்காமல் தூங்கினேன். மனதில் பொறாமை இருந்தால் அவள் கட்டிலில் அப்படித் தூக்கம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.