சானமாவுல நின்ன பஸ்ஸும் கெம்பம்மாக்காவோட ஓடிபியும்

அநியாயம் நடந்தது எனக்குக்கா, எனக்கு! பண்ணது கெம்பம்மாக்கா. போன்ல ஆறு நம்பர் வரும், ஓடிபின்னு. அத வாயத் திறந்து படிச்சுச் சொல்லணும். அவ்ளோதான் வேலை. அந்தக்கா நாலு நாளா சொல்லமாட்டேங்குது. நெருப்பத் தொட்ட மாதிரி போன கட் பண்ணுது. அதுக்கோசரம் நான் ஓசூர்லருந்து போச்சம்பள்ளி வரைக்கும் லேப்டாப்ப மடியில கட்டிக்கிட்டு போயிட்டிருக்கேன். போயிட்டிருக்கேன்னு சொல்றதே தப்பு. நின்னுட்டிருக்கேன். சானமாவு காட்டுல! யானை ரோட்டத் தாண்டுதாம். தாண்டட்டும், வேணாங்கல. தாண்டறதுன்னா இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போறதுதானே? முக்கா மணி நேரமா என்னாத்தத் தாண்டுது?

உங்க பூக்கூடைய கொஞ்சம் அந்தாண்ட நகத்திக்கங்கக்கா. எனக்குக் கோவம் வந்தா காலு தன்னால ஆடும்.

நான் ஹீனா. எம்.காம் ரெண்டாவது வருஷம். ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் சௌந்தரராஜன் சார் ஆபீஸ்ல வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் குடுப்பேன். ஓசூர் பஸ்ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடி. சார், நான், ஒரு ஃபேன். ஃபேன் சார் பக்கம் மட்டும்தான் திரும்பும்.

வேலையா? உக்காந்த எடத்துல தட்டறதுதானேன்னு நெனைக்கறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சீசன்னா என்னான்னு சொல்றேன் கேளுங்க. உங்களுக்கு முகூர்த்த நாளு இருக்கில்ல, அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. ஆனா உங்ககிட்ட யாராச்சும் வந்து, போன முகூர்த்தத்துல வாங்குன ரோஜா ஏன் வாடிப்போச்சுன்னு சண்ட புடிப்பாங்களா? எங்ககிட்ட புடிப்பாங்க.

கம்பெனியில சம்பளத்துக்கு ஒரு தாளு குடுப்பாங்க, ஃபார்ம் பதினாறுன்னு. அத நேர்ல கொண்டாந்து குடுங்கய்யான்னு தொண்டை கிழியக் கத்தறேன். ராஜ்குமார்னு ஒருத்தரு, அத பைக் சீட்டு மேல வெச்சு போட்டோ புடிச்சு அனுப்பறாரு. தாளு பாதி, அவரு கட்டவெரலு பாதி. எந்த எண்ணு வேணுமோ கரெக்டா அது மேலதான் வெரலு. வெரல எடுத்துட்டு அனுப்புங்கன்னு சொன்னேன். அனுப்புனாரு. காத்துல தாளு பறந்துபோயி, வெறும் சீட்டு வந்துச்சு.

கோவிந்தப்பன்னு ஒரு பெரியவரு, வாட்ச்மேன். ஆறு ஆடு வாங்கியிருக்காரு. அத முதலீடுன்னு காட்டி வரியக் கொறைக்கணுமாம். ஐயா, இன்சூரன்ஸ் காட்டலாம், பி.எஃப் காட்டலாம், ஆடு காட்ட முடியாதுங்கறேன். “ஏம்மா, இன்சூரன்ஸ் குட்டி போடுமா?”ங்கறாரு. நாப்பது நிமிஷம் அவரோட வாதம் பண்ணேன்க்கா. காலேஜ் பேச்சுப்போட்டியில என்னை எதுத்துப் பேச ஆளு கிடையாது, தெரியுமில்ல? நாப்பதாவது நிமிஷத்துல அவரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கோன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சார்தான் வந்து என்னைய சும்மா உக்கார வெச்சு, அவர அனுப்பி வெச்சாரு.

அப்புறம் ரங்கம்மான்னு ஒரு சூப்பர்வைசரு. பொறந்த தேதி சொல்லுங்கம்மான்னா, “எது வேணும்?”ங்குது. ஆதார்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, அவங்கம்மா சொன்னது ஒண்ணு. நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு போட்டுக்கங்கன்னு எனக்கு உரிமை வேற குடுக்குது!

இதையெல்லாம் நான் பொறுத்துக்குவேன். இந்த கெம்பம்மாக்கா விசயம் அப்படியில்லக்கா. இதுல ஒரு பொண்ணோட படிப்பு மாட்டிக்கிச்சு.

எங்கக்கா எந்திரிக்கறீங்க? யானை பாக்கவா? கண்டக்டரு கதவத் திறக்க மாட்டாரு. உக்காருங்க. யானை எங்க போயிடப்போவுது, அதான் போவவே மாட்டேங்குதே.

கெம்பம்மாக்காவுக்கு ஊரு நாட்றாம்பாளையம். அஞ்செட்டி தாண்டி, மலை மேல. அங்க காட்டு வேலை செஞ்சுட்டிருந்துச்சு. இப்ப போச்சம்பள்ளியில ஒரு கம்பெனியில வேலை, அங்கயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கு. ஞாயித்துக்கெழமதான் ஊருக்குப் போவும். அதோட பொண்ணு காவியாவுக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு கெடைச்சிருக்கு. படிப்புக் கடன் கேட்டு பேங்க்ல எழுதிக் குடுத்திருக்காங்க. அம்மாவோட ரிட்டர்ன் தாளு இன்னைக்கு நாலு மணிக்குள்ள வந்தாத்தான் ஃபைல் மேல போவும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. போவலன்னா கடன் தள்ளிப்போவும். கடன் தள்ளிப்போனா சீட்ட வேற ஒரு பொண்ணு எடுத்துக்கும். காவியா காலையிலருந்து பேங்க் வாசல்ல உக்காந்திருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எனக்கு மெசேஜ் போடுது. கேள்விகூட கேக்கல. வெறும் ரெண்டு கைய கூப்பி ஒரு பொம்மை.

நான் எல்லாம் போட்டு முடிச்சு வெச்சிருக்கேன்க்கா. கணக்குல ஒரு புள்ளி தப்பு கெடையாது. கடைசியா ஆதார் ஓடிபி ஒண்ணு போட்டா ரிட்டர்ன் முடிஞ்சிடும். அது கெம்பம்மாக்கா போனுக்குத்தான் வரும். கம்பெனிக்குள்ள போன் கொண்டு போவ முடியாது, கேட்ல லாக்கர்ல வெச்சுப் பூட்டணும். ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டரைக்குத்தான் கையில எடுக்கும். சரின்னு சாயந்தரமாக் கூப்பிட்டேன். காலையில ஷிஃப்டுக்கு முன்னாடி கூப்பிட்டேன். ராத்திரி சாப்பிடற நேரமாப் பாத்துக் கூப்பிட்டேன். “ஓடிபி சொல்லுங்கக்கா”ன்னு நான் வாயத் திறந்த உடனே, டக். கட்டு.

ஏன்னு கேக்கறீங்கல்ல? நல்ல கேள்வி. அதோட ஊர்ல காலேஜ் நாட்டு நலப்பணித் திட்ட கேம்ப் ஒண்ணு நடந்திருக்கு. அதுல ஒரு பேச்சாளரு போயி, போன்ல எப்படி எப்படியெல்லாம் ஏமாத்துவாங்கன்னு ஒரு மணி நேரம் பேசியிருக்காங்க. யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க, பேங்க்லருந்துன்னு சொன்னாலும் சொல்லாதீங்க, வருமான வரி ஆபீஸ்னு சொன்னாலும் சொல்லாதீங்கன்னு. இவங்களுக்கெல்லாம் ஒரு பொறுப்பு வேணாமாக்கா? மைக்க கையில குடுத்துட்டா என்னா வேணாலும் பேசிடறதா? பாமர ஜனங்க அப்படியே நம்பிடறாங்க! கேட்டுட்டு மறந்துடுவாங்கன்னு பாத்தா, மறக்கவும் மாட்டேங்கறாங்க!

யாரா? யாருன்னா… அது முக்கியமா இப்ப? பேச்சத்தான பாக்கணும், பேசுனவங்கள எதுக்குப் பாக்கணும்?

…சரி. நான்தான்.

சிரிக்காதீங்கக்கா. நல்ல பேச்சு அது. சிறந்த பேச்சுன்னு எவர்சில்வர் தட்டு குடுத்தாங்க. எல்லாரும் சும்மா “சொல்லாதீங்க, சொல்லாதீங்க”ன்னு போயிடறாங்க, ஜனங்க மனசுல நிக்கமாட்டேங்குதேன்னு, நான் கடைசியா மேசைய ஓங்கித் தட்டி ஒரு வரி சொன்னேன். “ஏன், இந்த ஹீனாவே உங்களுக்கு போன் பண்ணி ஓடிபி கேட்டாலும் சொல்லாதீங்க! அது நானா இருக்காது!” கைதட்டலு பாருங்க, நாட்றாம்பாளையமே அதிர்ந்துச்சு. மொத வரிசையில உக்காந்து தட்டுனது யாருங்கறீங்க? கெம்பம்மாக்கா.

அன்னைக்கு நான் இந்த வேலைக்கு வருவேன்னு கனவா கண்டேன்? கொள்கை வேற, சீசன் வேற இல்லையா? இதத்தான் காலையில சார்கிட்ட வாதம் பண்ணேன். அவரு முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, “நீ பேசுன பேச்சு, நீயே போயி வாங்கிட்டு வா”ன்னு பஸ்ஸுக்கு அனுப்பிட்டாரு. நேர்ல என் மூஞ்சியப் பாத்தா குடுத்துத்தானே ஆவணும்? நல்ல திட்டந்தான். இந்த யானை மட்டும் குறுக்க வரலன்னா.

மணி என்னாக்கா? ரெண்டு முப்பத்தஞ்சா? ஐயோ. இப்ப கெளம்பினாலும் கிருஷ்ணகிரி போயி பஸ் மாறி போச்சம்பள்ளி போறதுக்குள்ள நாலு தாண்டிடும். காவியா… இருங்க, இருங்க! போன் அடிக்குது! கெம்பம்மாக்கா! அதுவே கூப்பிடுது! நான் வரேன்னு கம்பெனி கேட்டுக்கு போன் போட்டு சொல்லி வெச்சிருந்தேன், நான் வரலன்னு கூப்பிடுது.

அக்கா, உங்க ஜன்னலோரம் கொஞ்சம் குடுங்க, அங்கதான் டவர் வருது. கூடைய நான் வெச்சுக்கறேன். இல்ல, லேப்டாப் இருக்கு மடியில, நீங்களே வெச்சுக்கங்க. ஒரு கையில தட்டணும், ஒரு கையில போன ஜன்னலுக்கு வெளிய நீட்டணும். ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன். எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, புண்ணியமாப் போவும்!

ஹலோ, கெம்பம்மாக்கா! நான் ஹீனா. வந்துட்டேதான் இருக்கேன், சானமாவுல யானை… பொய் இல்லக்கா, நெஜமாவே யானை! ஏமாத்தறவன் யானைன்னா சொல்லுவான்? அக்கா, கட் பண்ணிடாதீங்க, காவியா பேங்க் வாசல்ல உக்காந்திருக்கு, நேரமில்ல. இப்ப ஒரு ஓடிபி அனுப்பியிருக்கேன் பாருங்க, வந்துச்சா? வந்துச்சுல்ல? அதப் படி… இல்ல, படிக்கச் சொல்லலக்கா. படிக்கச் சொல்லல!

நான்தான் ஹீனா. கொரல வெச்சுத் தெரியலையா? …கொரல இப்ப கம்ப்யூட்டர்லயே செஞ்சுடுவாங்களா? சரி, வீடியோ கால் வரேன். …மூஞ்சியும் செஞ்சுடுவாங்களா? யாரு சொன்னது உங்களுக்கு இதெல்லாம்? …ஆமா. நான்தான் சொன்னேன்.

அக்கா, அப்ப நீங்களே ஒரு கேள்வி கேளுங்க. ஹீனாவுக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு கேளுங்க, பதில் சொல்றேன். கரெக்டா இருந்தா நம்பறீங்களா? சரி, கேளுங்க. …கேம்ப் அன்னைக்கு மத்தியானம் உங்க வீட்ல என்னா சாப்ட்டேனா? ராகிக் களியும் அவரக்கொட்ட கொழம்பும்! பாத்தீங்களா! முடிஞ்சுது, இப்ப சொல்… எத்தன உருண்டையா?

அது எதுக்குக்கா இப்ப? …ரெண்டு. ரெண்டு சாப்ட்டேன்.

அக்கா? ஹலோ? இல்ல இல்ல, வெக்காதீங்க! “நீ ஹீனா இல்ல”ன்னா எப்படி? ஒரு மனுசி ரெண்டு உருண்டைக்கு மேல சாப்பிடுவான்னு நீங்க எதிர்பாக்கறதே மொதல்ல… அக்கா, பஸ்ல நாப்பது பேரு இருக்காங்க. எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. கண்டக்டரு டிக்கெட் பைய மூடிட்டு கேக்கறாரு. எனக்கு இன்னும் கல்யாணம் வேற ஆவல.

பூக்காரக்கா, நீங்க ஏன் எந்திரிச்சு நின்னுட்டீங்க? யானை போயிடுச்சா? போனா போவட்டும், இருங்க! பத்து நிமிஷம்தான் இந்த ஓடிபிக்கு ஆயுசு, அதுல நாலு நிமிஷம் போச்சு. அங்க காவியா… கடவுளே, மறுபடியும் அந்தக் கை கூப்பற பொம்மை.

சரி! கெம்பம்மாக்கா, கேளுங்க! நாலு! நாலு உருண்டை சாப்ட்டேன்! போதுமா? வேணாம் வேணாம்னு கையால மறைச்சுட்டே சாப்ட்டேன்! கொழம்பு நல்லா இருந்துச்சு, நான் என்னா பண்ணட்டும்? சிரிங்க, எல்லாரும் நல்லா சிரிங்க! இப்பவாவது சொல்லுங்கக்கா, நான் ஹீனாவா இல்லையா?

“நாலில்ல பாப்பா, அஞ்சு. நாலுன்னு கூசாம வாதம் பண்றப்பவே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. மொதல்ல அந்த ஸ்பீக்கர அணைச்சுட்டு காதுல வையி. ஓடிபிய என்னா பஸ்ஸுக்கேவா சொல்லுவாங்க?”