முதல் வரிசையில் மூன்று எழுத்து

விளக்கைக் குறைத்தாகிவிட்டது. இனிச் சிரிக்கிறவன் எழுந்து வெளியே போகலாம். இது, இங்கே உட்கார்ந்திருக்கிற ஜபருல்லாவின் மாமா கடைக்கு வந்துபோன ஒருவருக்கு நடந்தது. பாதியை மாமாவே பார்த்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழேகால். நம் தீவில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறுகிற மலைப்பாதை... ஒரு லாரி இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை. அதில் பழைய டட்சன் காரை ஓட்டிக்கொண்டு அப்புத்துரை தனியாகப் போனார். பயமெல்லாம் இல்லை, கொதிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு கியர் மாற்றினார்.

அவருக்கு ஒரே தம்பி, அம்பிகைபாகன். இருவருக்கும் இரண்டு பைத்தியம். ஒன்று அந்த டட்சன். ஞாயிறுதோறும் அதில் தீவைச் சுற்றி வருவார்கள். மற்றது ஆயர் ஈத்தாமில் ஜபருல்லாவின் மாமா ஷேக் அலாவுதீன் வைத்திருந்த வீடியோ கேம் கடை. அங்கே ஒரு கார் ரேஸ் மெஷின். ஜெயித்தால் திரையின் முதல் வரிசையில் மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் போடலாம். யார் ஜெயித்தாலும் இருவரும் VAA என்றுதான் போடுவார்கள். அப்பா விஸ்வலிங்கம், அப்புத்துரை, அம்பிகைபாகன்... குடும்பமே அதற்குள் அடக்கம்.

ஒரு சனிக்கிழமை தம்பி ஜெயித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் AMB என்று போட்டான். அற்பக் காரியம்தான். ஆனால் இங்கே கூடப்பிறந்தவனோடு பேசாமல் இருக்கிறவன் எத்தனை பேர், சொல்லுங்கள்? அப்புத்துரைக்குத் தலைக்கேறிவிட்டது. மறுநாள் தம்பி கார் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

“அண்ணே, வா... ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்.”

“உனக்குத்தான் உன் பேரு மட்டும் போதுமே. நான் வரலடா. போ.”

போனான். ஏழேகாலுக்கு மலைப்பாதை வளைவில் கார் புரண்டது. கார் பிழைத்தது, தம்பி பிழைக்கவில்லை. பட்டறையில் எல்லாவற்றையும் சரி செய்தார்கள். இடது பக்கக் கதவு மட்டும் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து மெஷினின் முதல் வரிசையில் VAA வந்தது. கடை சாத்தும்போது அலாவுதீன் சுவிட்சை அணைப்பார். அணைத்தால் எல்லாப் பெயரும் அழிந்துவிடும். ஆனாலும் மறுநாள் போட்டதும் அதே மூன்று எழுத்து. செத்தவனை வைத்து எவனோ விளையாடுகிறான் என்று அப்புத்துரைக்கு ஆத்திரம். ஒரு வாரம் லீவு போட்டுக் கடையிலேயே காவல் இருந்தார். ஒருவனும் சிக்கவில்லை. எட்டாம் நாள், முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, மெஷினை ஓங்கிக் குத்தினார்.

“எவன்டா அது, எங்க வீட்டு இனிஷியலோட விளையாடுறவன்?”

“கோவப்படாதீங்க லா, தம்பி,” என்றார் அலாவுதீன். “எனக்கு உங்க வீட்டு இனிஷியல் எல்லாம் தெரியாது. நான் ஒரு வாரமா அத சேத்துத்தான் படிக்கிறேன்.”

“என்னன்னு?”

“வா.”

அப்புத்துரை சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தம்பி போன அதே வளைவில் எஞ்சினை அணைத்தார். பக்கத்துத் தோட்டத்துக் கிராம்பு வாசனை... அதற்குள்ளே பெட்ரோல் வாடை. சூடான எஞ்சின் மட்டும் டிக்... டிக்... என்று ஆறிக்கொண்டிருந்தது.

“வா வான்னா? எங்கடா வர்றது? ஒரு பேருக்காகவாடா இப்படிப் பண்ண?” என்று கத்தினார். அழுகை வந்தது. அதற்கும் கோபப்பட்டார். “நான் வரலடா. போ.”

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. வாயை விட்டு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

க்ளக்.

இடது கதவு திறந்தது. சீட் ஸ்பிரிங் ஒரு முறை முனகியது. பிறகு கதவு சாத்திக்கொண்டது... மெதுவாக, பெயிண்ட் போய்விடுமே என்று தம்பி எப்போதும் சாத்துகிற மாதிரி. அப்புத்துரை இடப்பக்கம் திரும்பவே இல்லை. வீடு வரைக்கும் கழுத்தை அசைக்காமல் ஓட்டினார்.

மறுநாள் மெஷினில் VAA இல்லை. அதன் பிறகு வரவும் இல்லை.

அப்புத்துரை காரை வீட்டுக்குப் பின்னால் பூட்டிப் போட்டுவிட்டார். இடது கதவு பழையபடி இறுகிவிட்டது. ஒரு மாதம் கழித்து, காலையில் அலாவுதீன் அவரைப் பார்க்கப் போனார். காரின் கண்ணாடிகள் எல்லாம் தெளிவாக இருந்தன. இடது பக்கத்து ஒன்று மட்டும் மூச்சுப் பட்டது போல மங்கியிருந்தது. அதில் விரலால் எழுதிய மூன்று எழுத்து.

அலாவுதீன் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. வெளியே நின்ற அவருக்கு அது AAV என்று தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் அது நேராகத் தெரியும்.