ஞாயிற்றுக்கிழமை ஊற்று

ஆகாயத்தாமரையைப் பிடுங்குவது சுலபம். பிடுங்கியதை எங்கே போடுவது என்பதுதான் கஷ்டம். ஆற்றோரம் போட்டால் அடுத்த மழையில் ஆற்றுக்கே திரும்பிவிடும். தோட்டத்துக்காரர்கள் தங்கள் வரப்பில் போட விடமாட்டார்கள். ஈரத்தோடு அது என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் நான்கு வருஷம் தூக்கினேன். என் முழங்கால் போனது அதில்தான். நாற்காலி கொடுத்தீர்கள், நல்லது. தரையில் உட்காரச் சொல்லியிருந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து ரசாயன ஆய்வகத்தில் உதவியாளராக முப்பத்தோரு வருஷம் இருந்தேன். எழுபத்தெட்டில் ஓய்வு. மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள், மகள் நீலா பம்பாயில். ஓய்வு பெற்ற ஆளுக்கு எங்கள் ஊரில் இரண்டு வேலை உண்டு. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது, சீசனில் வரும் சொந்தக்காரர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது. இரண்டும் ஒரே வருஷத்தில் அலுத்துவிட்டன. அதனால்தான் எழுபத்தொன்பதில் சிற்றாறு பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தபோது பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். படம் எடுத்தார்கள், எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்பது பேர். தீபாவளிக்குப் பிறகு மூன்று பேர். நான், தையல்கடை கிதிர் முகம்மது, கோமதியம்மாள்.

கோமதியம்மாளை உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் வெளியூர். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். பெரிய பெரிய ஆட்களையும் தெருவில் ‘ஏலே’ என்று கூப்பிடுவார். அவர்களும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். என்னை மட்டும் அண்ணாச்சி என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆற்றில் இறங்குவோம். குற்றாலத்தில் குளிக்கிறவர்கள் விட்ட எண்ணெய், சோப்பு உறை, கழற்றி எறிந்த துணி எல்லாம் எங்கள் படித்துறையில்தான் வந்து ஒதுங்கும். ஐந்தருவியில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் மேலே இருந்து வருவது தெரியும், கீழே எங்கே போகிறது என்பது தெரியாது. ஒரு வாரம் பொறுக்கினால் மறுவாரம் அதே அளவு கிடக்கும். எடுத்து எடுத்துக் கை ஓய்ந்துபோகும்.

கோடையில் ஆறு வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும்போது மணலைத் தோண்டி ஊற்றுப் போடுவோம். அதில் முதல் டம்ளரைக் கோமதியம்மாள்தான் குடிப்பார். படித்துறையில் துவைக்கிறவர்கள் பார்க்கும்படி நின்று குடிப்பார். “பாத்தியளா, நம்ம ஆறு நல்ல ஆறுதான். நாமதான் சரியில்ல” என்பார். அது அவருடைய பிரசாரம்.

எண்பத்தொன்றில் உச்சிமாகாளி வந்தான். படித்துறைக்கு மேலே ஆறு வளைகிற இடத்தில் சாயப்பட்டறை போட்டான். ஒரு நாள் ஆறு சிவப்பாக வரும், ஒரு நாள் பச்சையாக வரும். துவைக்கிறவர்கள் வண்ணத்தைப் பார்த்து அன்றைக்கு என்ன சேலை என்று சொல்வார்கள். நான் மனு எழுதினேன். மனு எழுதுவது எனக்கு நன்றாக வரும். இரண்டு வருஷத்தில் நூற்றுப் பதினெட்டு மனு. பட்டறையில் பயன்படுத்தும் ஒரு வெள்ளை உப்பைக்கூட மாதிரிக்கு எடுத்து, பாட்டிலில் போட்டு, அது உடம்புக்கு என்ன செய்யும் என்று விவரம் எழுதிக் கொண்டுபோனேன். அதிகாரி மூடியைக்கூடத் திறக்கவில்லை. “இதெல்லாம் இங்கன கொண்டுவராதிய” என்றார். திரும்ப எடுத்துவந்து அலமாரியில் வைத்தேன்.

எண்பத்திரண்டு கோடையில் மீன் செத்தது. அது தானாகச் செத்தது, என் பேரில் எழுதிவிடாதீர்கள். குட்டை முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது. அந்த வாரம் கூட்டம் போட்டோம், தொண்ணூறு பேர் வந்து சத்தம் போட்டார்கள். பட்டறையை மூடாமல் விடமாட்டோம் என்றார்கள். மறு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர். அதற்கடுத்த வாரம் நாங்கள் மூன்று பேர்தான்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. மீனுக்கு ஜனங்கள் ஒரு வாரம்தான் வருத்தப்படுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. மீனுக்குப் பெயர் கிடையாது.

யாரோ ஒருவர் என்றாலும் போதாது. ஊருக்கே தெரிந்தவராக, வீட்டுக்கு வீடு வேண்டியவராக இருக்க வேண்டும். அப்படித் தென்காசியில் ஒருவர்தான் இருந்தார். உங்கள் ஏட்டு நேற்றுக் கேட்டார், நீயே குடித்திருக்கலாமே என்று. யோசிக்காமல் இல்லை. நான் செத்தால் யார் வருவார்கள்?

எண்பத்து மூன்று மே மாதம், இரண்டாவது ஞாயிறு. மற்றவர்களுக்கு முன்னால் போய் ஊற்றை நானே தோண்டினேன். மணல் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் ஊறித் தெளிய அரைமணி நேரம் ஆனது. பாட்டிலில் இருந்ததைப் போட்டேன். கரைந்த பிறகு பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

கோமதியம்மாள் குடையை மடக்கி மணலில் குத்திவைத்துவிட்டு வந்தார். டம்ளரில் மோந்து பாதி குடித்தார்.

“அண்ணாச்சி, தண்ணி என்ன லேசா கரிக்குது?”

“கோடைல்லா. அப்படித்தான் இருக்கும்.”

“ஆமா, சாரல் விழுந்தாச் சரியாயிரும்” என்று மீதியையும் குடித்தார். படித்துறைக்கு இரண்டு பெண்கள் புதிதாக வந்தார்கள். அவர்கள் பார்ப்பதற்காக இன்னொரு டம்ளர் மோந்தார்.

அப்போது கிதிர் முகம்மது சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். வேர்த்து விறுவிறுத்து, “எனக்கும் ஒரு டம்ளர் தாங்க” என்று கை நீட்டினார். “பாய், நீங்க குடிக்காதிய. இன்னும் தெளியல” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இதை நீங்கள் எழுத வேண்டும். அவரைக் காப்பாற்றியது நான்தான்.

அதையேதான் அவர் மூன்று வருஷம் யோசித்திருக்கிறார் என்று தெரிகிறது. நான் அவர் கையைப் பிடித்தபோது கோமதியம்மாள் நன்றாக நின்றுகொண்டிருந்தார். பின்னே எதற்குத் தடுத்தேன் என்று யோசித்திருக்கிறார். நல்ல தையல்காரர். ஒரு நூல் பிரிந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

கால் மணி நேரத்தில் கோமதியம்மாள் மணலில் உட்கார்ந்தார். கிதிர் முகம்மது வெயில் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளிக்கப் போனார். கோமதியம்மாள் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு விரல் நகங்களைத் திருப்பிப் பார்த்தார். நீலமாக இருந்தன. “இது வெயிலு இல்ல” என்றார். நர்ஸ் அல்லவா. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன், சரியாகச் சொல்ல முடியவில்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை.

அடுத்து நடந்ததெல்லாம் உங்கள் காகிதங்களில் இருக்கிறது. ஊற்றுத் தண்ணீரில் பட்டறை உப்பு இருந்ததாக ரிப்போர்ட் வந்தது. வருவதற்கு முன்பே ஜனங்கள் பட்டறையைக் கொளுத்திவிட்டார்கள். கையில் கிடைத்ததை எல்லாம் இடித்தார்கள். உச்சிமாகாளிக்கு வலது கை ஒடிந்தது. பிறகு கோர்ட்டு, ஏழு வருஷம் ஜெயில். அவன் மனைவி இராமலட்சுமி இரண்டு பெண் பிள்ளைகளோடு ராயகிரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு வருத்தம் உண்டு. கூண்டில் நின்று அவன் சொன்னது ஒன்றே ஒன்று: “சாயத்தண்ணிய நான் ஆத்துல விடலைய்யா, தொட்டி கட்டிட்டேன்.” யாரும் காதில் வாங்கவில்லை. தொட்டி இருந்த இடத்தில் அப்போது வெறும் செங்கல்தான் கிடந்தது.

சங்கத்தில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். என்னைத் தலைவராக்கினார்கள். படித்துறையில் கோமதியம்மாளுக்குக் கல் வைத்தோம். திறப்பு விழாவில் நான் பேசும்போது பெண்கள் அழுதார்கள். நானும் துண்டால் கண்ணைத் துடைத்தேன், அது நடிப்பு இல்லை. ஆறு மூன்று வருஷமாகத் தெளிவாக ஓடுகிறது. நீங்களே போய்ப் பார்க்கலாம். ஒருவர் போனார், ஒரு ஆறு பிழைத்தது. நிதானமாக யோசிக்கிற யாருக்கும் இது புரியும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது தொட்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

தொட்டி கட்டிய கொத்தனார் மசூது சவூதியிலிருந்து திரும்பியது எனக்குத் தெரியாது. அவர் சொன்னது சரிதான். மே மாதம் முதல் வாரத்திலேயே இரண்டு தொட்டியையும் பூசி முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் விமானம் ஏறினார். அந்த வார வியாழக்கிழமையிலிருந்து ஆற்றுக்கு ஒரு சொட்டுச் சாயம் வரவில்லை. எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள்.

தெரியும். நான் ஊற்றுத் தோண்டியதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் கோமதியம்மாளே வீட்டுக்கு வந்து சொன்னார். உட்காரக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

“அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது. தொட்டிய நானே போய்ப் பாத்துட்டு வாரேன்.”

“எந்தத் தொட்டி?”

“உச்சிமாகாளி கட்டியிருக்கான்லா. போன மாசம் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். ரெண்டு பிள்ளையளும் என் கையில பொறந்ததுவதான. ‘ஏலே, நீ செய்யுதது சரியாலே’ன்னு கேட்டேன். தலைய தொங்கப் போட்டுட்டான். பொண்டாட்டி காப்பி போட்டுத் தந்தா, குடிச்சேன். மறுநாளே மசூதக் கூப்பிட்டு வேலைய ஆரம்பிச்சிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமையிலருந்து பட்டறை ஆளுகளையும் சுத்தம் பண்ண அனுப்புதானாம்.”

நல்லது என்று சொன்னேன்.

“இனிமே மனுவெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி” என்றார். “முட்டு வலியோட நீங்களும் கஷ்டப்படாண்டாம். பேசாம வீட்ல இருங்க.”

தெருமுனை திரும்பும்வரை அவர் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து அலமாரியைத் திறந்தேன்.

ஆற்றுக்காகச் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான்கு வருஷம், நூற்றுப் பதினெட்டு மனு, என் இரண்டு முழங்கால். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரே ஒரு சாயங்காலம் போய், ஒரு டம்ளர் காப்பியில் அதை முடித்துவிட்டு வந்தாள்.