பாலத்துக்கு எவ்வளவு நேரம்

— மாப்ள, கையை எடு! அது அரசாங்கத்துக் கம்ப்யூட்டர்.

— மூடியைத்தானே மாமா கழட்டினேன். அதுக்கே இந்தக் குதி குதிக்கிறீங்க.

— ஓடிக்கிட்டிருக்குடா. காலையிலேர்ந்து வெள்ளக் கணக்கு ஓடுது.

— இதுக்குப் பேர் ஓடுறதா? தவழுது. இந்த மாடலை என் கம்ப்யூட்டர் கடையில கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்.

— அணைக்கு இன்ஜினியர் நானா, நீயா?

— நீங்கதான். நான் அக்காவைப் பார்க்க வந்தவன். "மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடா"ன்னா. வந்தேன். பின்னாடியே ரோடு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப சொல்லுங்க, இந்தக் கணக்கு எப்ப முடியும்?

— தோராயமா... பொழுது சாயுறப்ப.

— தண்ணி எப்ப மேல் விளிம்பைத் தொடும்?

— அதுக்கு முன்னாடியே தொட்டுரும். இப்ப மலையிலேர்ந்து புது மழை அளவு வேற வந்திருக்கு. முதல்லேர்ந்து திரும்ப ஓட்டணும்.

— தலைமை ஆபீஸ்ல பெரிய பெரிய மிஷின் இருக்குமே? அங்க போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

— லைன் செத்துப் போச்சு. வயர்லெஸ்லயும் கரகரன்னு சத்தம்தான் வருது. செல்போன்ல உங்க அக்கா மட்டும் நடுநடுவுல கிடைக்கிறா, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா.

— சரி, கணக்கே வேணாம். மதகைத் திறந்து விட்டுட வேண்டியதுதானே?

— திறந்துதான் ஆகணும். திறக்கலேன்னா அணையே போயிடும். திறந்தா தண்ணி நேரா மில் குடியிருப்புக்குத்தான் போகும்.

— அங்கதானே அக்கா இருக்கா!

— உங்க அக்கா மட்டுமா? மொத்தக் குடியிருப்பும் இருக்கு. தப்பிக்க ரெண்டு வழிதான். பாலத்தைத் தாண்டி மேட்டுக்குப் போகலாம். இல்லேன்னா மில் மாடியில ஏறி நிக்கலாம். மாடி பழசு, சுவர்ல கை நுழையுற அளவுக்கு விரிசல். அத்தனை பேரை அது தாங்குமான்னு எனக்குப் பயமா இருக்கு.

— அப்ப பாலம்தான். யோசிக்க என்ன இருக்கு?

— எல்லாரும் பாலத்தைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். கிழவன் கிழவி, கைக்குழந்தை எல்லாம் இருக்கு. திறந்த தண்ணி அதுக்கு முன்னாடியே பாலத்துக்கு வந்துட்டா? நட்ட நடுவுல மாட்டிக்குவாங்க. அந்த நேரத்தைத்தான் இந்தப் பெட்டிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்.

— இப்பப் புரியுது... மாமா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?

— நீ சொல்ற விதத்துலேயே அடிக்கணும்போல இருக்கு. சொல்லு.

— உங்ககிட்ட பென்சில் இருக்கா? நல்லா கறுப்பா எழுதுற பென்சில்?

— இப்ப எதுக்குடா பென்சில்?

— இந்த ப்ராசஸர் இருக்கே, இது மெதுவானது இல்ல. மெதுவா ஓடுன்னு கட்டிப் போட்டிருக்காங்க. போர்டு ஒரு தாளம் தட்டும், இது அதைப் பத்தால பெருக்கிக்கிட்டு ஓடும். அந்தப் பத்துதான் மல்டிப்ளையர். மாத்த முடியாதபடி பூட்டிட்டாங்க. விலை கூடுதலா விக்கிறதும் இதே சில்லுதான், பதினாலுல பெருக்கும்.

— அதுக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம்?

— பூட்டுன்னா பெரிய பூட்டெல்லாம் இல்ல. மேல சின்னச் சின்னப் பொட்டு மாதிரி தங்கப் புள்ளி வரிசையா இருக்கும். எதிரெதிர்ப் புள்ளிக்கு நடுவுல இருந்த கோட்டை அறுத்து விட்டிருக்காங்க. பென்சில் கரியில மின்சாரம் பாயும். அறுந்த இடத்துல ஒரு கோடு இழுத்தா பூட்டு திறந்துக்கும். புதுசு வாங்க வக்கில்லாம கேம் ஆட வர்ற பசங்களுக்கெல்லாம் நான் இதைத்தான் செஞ்சு குடுக்கிறேன்.

— கோடு தப்பிப் பக்கத்துப் புள்ளியில பட்டா?

— புகை வரும்.

— நீ ஒண்ணும் செய்ய வேணாம். ஒதுங்கி நில்லு.

— ஜன்னலைப் பாருங்க மாமா! காலையில தெரிஞ்ச படிக்கட்டு இப்பத் தெரியுதா?

— ...மேஜை டிராயர்ல பாரு. வரைபடத்துல குறி போடுற பென்சில் ஒண்ணு கிடக்கும்.

— பெட்டியை அணைச்சு, சில்லு மேல இருந்த ஃபேனைக் கழட்டிட்டேன். டார்ச்சை இப்படிப் பிடிங்க. என் கையில அடிக்காதீங்க, சில்லு மேல அடிங்க. மாமா, டார்ச் ஆடுது.

— டார்ச் ஆடலடா, நான் ஆடுறேன்.

— மூச்சை அடக்குங்க. இது ஒண்ணு... ரெண்டு... ஐயோ.

— என்ன ஐயோ?

— ஒண்ணுமில்ல, இழுவிடுச்சு. ரப்பர்? ரப்பர் குடுங்க. பென்சில் பின்னாடியே இருக்கு, சரி. ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். ம்... ஆச்சு. மேல ஃபேனை மாட்டிட்டேன். இப்ப சுவிட்சைப் போடுங்க.

— நீயே போடு.

— போட்டுட்டேன்.

— ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல.

— இருங்க.

— மாப்ள, ஒண்ணுமே வரலடா! இருந்த ஒரு பெட்டியையும் கொன்னுட்டியேடா பாவி!

— கத்தாதீங்க மாமா. ஒரு கோடு சரியா ஒட்டல போல. இன்னொரு தடவை அழுத்தி இழுக்கிறேன்... இப்ப?

— பீப்னு ஒரு சத்தம்.

— அந்தச் சத்தத்துக்குக் கற்பூரம் காட்டலாம் மாமா! இந்தா, செட்டிங்குக்குள்ள போயாச்சு. பத்து இருந்த இடத்துல பதினாலு. வோல்டேஜ் கொஞ்சம் கூட்டிக்கிறேன். கணக்கைப் போடுங்க. அந்த நிக்கிற ஃபேனை இழுத்து வந்து பெட்டிக்குள்ள காத்தடிக்கிற மாதிரி வைங்க.

— ஏதோ கருகுற வாசனை வருதே.

— தூசிதான். சத்தியமா தூசிதான் மாமா.

— ஓடுது. நல்லாவே ஓடுது மாப்ள.

— நான் சொன்னேன்ல? இனி அது தன் வேலையைப் பார்க்கும். நீங்க உட்காருங்க, நடந்து நடந்து தரையே தேயுது.

— உட்கார்ந்தா மதகு அதிர்றது கால்ல தெரியுது. அதான் நடக்கிறேன்.

— மாமா, வாங்க இங்க. இத்தனை நேரம் ஓடி ஒரு வழியா முடிஞ்சுது.

— முடிஞ்சுதா? எங்க, தள்ளு. மூணு மதகையும் திறந்தா... பாலத்துக்குத் தண்ணி வர... ரெண்டு மணி நேரம்! மாப்ள, ரெண்டு மணி நேரம் இருக்குடா!

— தாராளம் மாமா. எல்லாரும் ஆற அமரத் தாண்டலாம்.

— மோட்டார் ரூம்ல இருக்கிறவங்களைத் திறக்கச் சொல்றேன். அபாயச் சங்கையும் ஊதச் சொல்லணும். போன், என் போன் எங்க? ஹலோ! ஏம்மா, கேக்குதா?

— என்னங்க? இங்க தெருவுக்குள்ள முழங்கால் மட்டும் தண்ணி. எல்லாரும் நம்ம வீட்டு முன்னாடிதான் நிக்கிறாங்க. நான் இன்ஜினியர் வீட்டம்மாங்கிறதால, என்ன பண்றதுன்னு என்னைக் கேட்கிறாங்க.

— மதகைத் திறக்கிறோம். எல்லாரையும் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போ. மாடிக்கு வேணாம். ரெண்டு மணி நேரம் இருக்கு. உறுதி.

— உறுதியா?

— உறுதிம்மா, கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு. உன் தம்பியும் இங்கதான் இருக்கான்.

— அக்கா, நான்தான். மாமா சொல்றது உறுதிக்கா, கிளம்பு.

— சரி, நான் வ...

— ஹலோ? ஹலோ? கட் ஆயிடுச்சு. பரவாயில்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டோம். கேக்குதா மாப்ள, மதகு தூக்குற சத்தம்? உயிர் வந்துச்சுடா எனக்கு.

— மாமா.

— வேலையை விட்டே தூக்கினாலும் தூக்கட்டும். நீ பென்சில் பிடிச்ச கையை...

— மாமா, ஒரு நிமிஷம். சும்மா இருப்பானேன்னு கடைசித் துண்டை மட்டும் திரும்ப ஓட்டினேன். அணையிலேர்ந்து பாலம் வரைக்கும். அது சின்னது, சீக்கிரம் முடிஞ்சுடுச்சு.

— சரி, அதுக்கென்ன?

— வேற விடை வருது.

— எண்ணைத் தப்பாப் போட்டிருப்பே.

— எதையும் தொடல. அதே எண், அதே கணக்கு. இப்ப அரை மணி நேரம்னு காட்டுது.

— என்னது?

— அரை மணி நேரம்.

— எப்படிடா? ஒரே கணக்குக்கு எப்படி ரெண்டு விடை வரும்?

— சூடு ஏறினா... அப்படியே நின்னு போகும் மாமா. அதான் வழக்கம். சில நேரம் நிக்காம, தப்பாக் கூட்டிக்கிட்டே ஓடும். கேம்ல அப்படி ஆனா மூலையில ஒரு புள்ளி நிறம் மாறித் தெரியும். பசங்க கவனிக்கக்கூட மாட்டாங்க.

— இது தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?

— ஓடினதைப் பார்த்த சந்தோஷத்துல எனக்குத் தோணவே இல்ல மாமா. சத்தியமா தோணல.

— எது சரி? ரெண்டா, அரையா?

— தெரியல.

— தெரியலேன்னு சொல்லாதே! பழையபடி பத்துல வச்சு ஓட்டு. இந்தத் துண்டை மட்டும் ஓட்டு.

— பத்துல போட்டுட்டேன், ஓடிக்கிட்டிருக்கு. நீங்க போனைப் பாருங்க. மதகை மூடிட முடியாதா?

— இந்தத் தண்ணிக்கு மூடினா அணை நிக்காது. போன் எடுக்க மாட்டேங்குது... அடிக்கவே இல்லடா.

— சங்கை ஊதச் சொல்லுங்க! திரும்பிப் போகச் சொல்லி ஊதுங்க!

— பாலத்துக்குப் போங்கன்னுதான்டா அந்தச் சங்கே! ஊத ஊத இன்னும் வேகமா ஓடுவாங்க. வேற சத்தம் எங்கிட்ட இல்ல.

— நான் ஓடிப் போறேன்.

— எங்க ஓடுவே? ரோடு இல்ல. உட்காரு. எத்தனை நேரம் ஆச்சு திறந்து?

— அரை மணி ஆகப் போகுது.

— என்ன காட்டுது பெட்டி? படிச்சுச் சொல்லுடா.

— முடிஞ்சுது. பத்துல ஓட்டினதுலயும்... அரை மணிதான் மாமா.

— நான்தான்டா சொன்னேன். பாலத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு என் வாயாலதான் சொன்னேன்.

— போன் அடிக்குது! மாமா, அக்கா நம்பர்! எடுங்க!

— நீ எடு. ஸ்பீக்கர்ல போடு.

— அக்கா! அக்கா, எங்க இருக்கே? என்ன அங்க இரைச்சல்?

— டேய், பாலம் போயிடுச்சுடா. இப்பதான். எங்க கண்ணு முன்னாடி நடுவுல முறிஞ்சு அப்படியே அடிச்சுக்கிட்டுப் போச்சு.

— அக்கா, பாலத்துல... எத்தனை பேர்?

— மாமாகிட்ட குடு போனை.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்.

— என்னங்க, பாலத்துல யாரும் இல்ல. எல்லாரும் மில் மாடியில இருக்கோம், சுவர் இதுவரைக்கும் தாங்குது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சாப்பிட வர்ற நேரத்தைக்கூட "தோராயமா"ன்னு சொல்ற மனுஷன், இன்னைக்கு வாய் நிறைய "உறுதி"ன்னீங்க. உங்க குரல் உங்க குரலாவே இல்ல, அதான் ஒருத்தரையும் நான் பாலத்துக்கு அனுப்பல.