திருப்பிக் கொடுக்காத மோதிரம்

திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு வந்த ஷேர் ஆட்டோவில் நான், மேஜிக் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருவர், அவர் மனைவி. அவர்கள் பேச்சில் இருந்த அம்மா மட்டும் வண்டியில் இல்லை. அவர்கள் மேஜிக் காட்டிவிட்டு வந்த முதியோர் இல்லத்தில் இருப்பவர்.

“யோவ், அந்தம்மா மோதிரம் இன்னும் உன் சுண்டு விரல்லயே கீதே?”

“மறைய வெச்சேன். எலுமிச்சம்பழத்த அறுத்து உள்ளேர்ந்து எடுத்தும் குடுத்தேன். வாங்கல.”

“ஏனாம்?”

“‘வாங்கிக்கினா நீயும் எம் பையனாட்டம் வராமப் பூடுவ. வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடு’ன்னாங்க.”

“வார்டன் கையில குடுத்துட்டு வர்றது?”

“கேட் வரைக்கும் வந்து பாத்துக்கினே நின்னாங்கடி.”

அவள் போனை எடுத்தாள். ஒரு எண்ணை அழைத்தாள்.

“அண்ணா, ஞாயித்துக்கிழமை நாயுடுபேட்டை கல்யாணத்துல மேஜிக் காட்ட வேற ஆளப் பாத்துக்கோங்க.”

போனை வைத்ததும் கணவரைப் பார்த்தாள். “எட்டாயிரம்யா!”