ரூபலேகா பாடாத தாலாட்டு

பெரியோர்களே, நம்ம சங்கத்துச் செயலாளர் ஐயா இப்போ பேசிட்டுப் போனாரே, கோவமா இருக்காரு... நியாயந்தான். காலேஜுக்குப் போய், பழைய பாடகர் ஒருத்தர் போட்டோவைக் காட்டி, "இது யாருப்பா?"ன்னு கேட்டிருக்காரு. ஒரு பையன் எந்திரிச்சு, "உங்க சித்தப்பாங்களா சார்?"னு கேட்டிருக்கான். சிரிக்காதீங்க... மனுஷன் நொந்து போயிருக்காரு!

ஒரு சின்னக் கதை சொல்றேன். ரயில்ல நடந்த கதை. இதைக் கேட்டுட்டு, அப்புறமா எல்லாரும் சேர்ந்து பிள்ளைங்களைத் திட்டுவோம். சரிங்களா?

எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு யாழினி. கைக்குழந்தைக்காரி. மாமனாரோட சென்னையில இருந்து மதுரைக்குப் பகல் ரயில்ல வர்றா. மாமனார் பேரு கோதண்டபாணி, பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. பழைய பாட்டுன்னா அவருக்கு உயிரு. எதிர் சீட்டுல ஒரு வயசான அம்மா. நூல் புடவை, மடியில ஒரு கூடை, கூடை நிறைய கொய்யாப்பழம். எந்த வம்புக்கும் போகாம ஜன்னலைப் பார்த்து உக்காந்திருக்காங்க.

செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள மாமனார் ஆரம்பிச்சுட்டாரு. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்னம்மா தெரியும்? ஒரு பாடகர் பேரு தெரியுமா? நாங்கள்லாம் குரலை வெச்சே ஆளைச் சொல்லிடுவோம்!"

யாழினி என்ன பண்ணுவா, பாவம்? "ஆமா மாமா... ஆமா மாமா..."

"என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"ன்னு எதிர்ல இருக்கற அம்மாவையும் இழுக்கறாரு. அவங்க லேசா சிரிச்சுட்டு, "கொய்யாப்பழம் சாப்பிடறீங்களா?"ன்னாங்க. இவரும் வாங்கித் தின்னாரு.

அந்தக் குழந்தைக்கு ஒரு பழக்கம். தூங்கணும்னா செல்போன்ல ஒரு பழைய சினிமாத் தாலாட்டு ஓடணும். அதே பாட்டு... அதே குரல்... வேற எதுக்கும் மசியாது. மணப்பாறை தாண்டுச்சு... டவர் போச்சு... பாட்டு நின்னுச்சு... அவ்வளவுதாங்க! பெட்டியே அதிருது!

மேல் பெர்த்துல படுத்திருந்தவரு அலறி அடிச்சு எந்திரிக்கறாரு. "பசியா இருக்கும்மா"ங்கறாரு ஒருத்தரு. "வயித்து வலி, ஓமத்தண்ணி கொடு"ங்கறாங்க ஒருத்தங்க. ஆளாளுக்கு வைத்தியம்! யாழினிக்கு அழுகையே வந்துடுச்சு. "நான் பாடறேன் பாரு"ன்னு மாமனார் அதே தாலாட்டை எடுத்தாரு. குழந்தை அவரை ஒரு பார்வை பார்த்துச்சு... அப்புறம் ரெண்டு மடங்கு சத்தத்துல வீல்!

அப்போ எதிர்சீட்டு அம்மா கையை நீட்டினாங்க. "இப்படிக் கொடும்மா." வாங்கி மடியில போட்டுக்கிட்டு, அதே பாட்டைப் பாடினாங்க... மெதுவா... குழந்தைக்கு மட்டும் கேக்கற மாதிரி.

அழுகை நின்னுச்சு. அவங்க முகத்தையே பார்த்துச்சு. ரொம்ப நாள் பழகின ஆளைப் பார்த்த மாதிரி, பல்லில்லாத வாயால ஒரு சிரிப்பு! கட்டை விரலை வாயில வெச்சுச்சு... தூங்கிடுச்சு.

நம்ம மாமனார் சும்மா இருக்கலாமில்ல? இருப்பாரா?

"நல்லாவே பாடறீங்கம்மா... குறை சொல்லக் கூடாது. ஆனா ஒரிஜினல் மாதிரி வராது. ரெண்டாவது அடியில ஒரு சங்கதி வளைஞ்சு வளைஞ்சு மேல போகும். அதை விட்டுட்டீங்க."

"அப்படிங்களா? ஒரிஜினலை யாருங்க பாடினது?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? ரூபலேகா பாட்டும்மா!"

ரூபலேகா யாரு? படத்துல நடிச்ச நடிகை! வாயை மட்டும் அசைச்ச நடிகை! அந்த அம்மா குழந்தையைத் தட்டிக் கொடுத்துக்கிட்டே சொன்னாங்க. "அந்த சங்கதி டைரக்டர் கேட்டாருன்னு நான் போட்டதுங்க. அது சினிமா. இங்க நெஜமாவே ஒரு குழந்தை தூங்கணுமில்ல? மேல போனா முழிச்சுக்கும்."

கோதண்டபாணி திறந்த வாயை மூடலை. "அம்மா... நீங்க...?"

"சௌபாக்கியம். கே. எஸ். சௌபாக்கியம்."

மனுஷன் எந்திரிச்சு நின்னுட்டாருங்க! அந்த அம்மா பாட்டைப் பீரோ நிறைய கேசட்டா அடுக்கி வெச்சிருக்கறவரு அவரு! இந்தத் தாலாட்டை மட்டும் நடிகையே பாடினதுன்னு நினைச்சிட்டிருந்திருக்காரு.

யாழினிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "தினமும் உங்க பாட்டைத்தான் போடறேன்... உங்க பேரே எனக்குத் தெரியாதும்மா."

"அதுக்கென்னம்மா, எனக்குப் பழகிப் போச்சு. நான் பாடறதை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. என் குரல் போயிடுச்சுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். உன் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா பாரு!"

பெரியோர்களே... இப்போ சொல்லுங்க. அந்தப் பெட்டியில பாட்டு தெரிஞ்சது யாருக்கு? பீரோ நிறைய கேசட்டு வெச்சிருந்தவருக்கா... இன்னும் பல்லே முளைக்காததுக்கா?

நமக்குப் பேரெல்லாம் எப்படிங்க தெரிஞ்சுது? நாம கெட்டிக்காரங்கன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்லை. ரேடியோவுல ஒருத்தர் உக்காந்து, "பாடியவர் இன்னார்"னு சொல்லிட்டுத்தான் பாட்டையே போட்டாரு. நாம பல்லு தேய்ச்சுக்கிட்டே கேட்டோம்... சோறு வடிச்சுக்கிட்டே கேட்டோம். தானா காதுல ஏறுச்சு. இன்னிக்குப் பிள்ளைங்களுக்கு யாருங்க சொல்றா? நீங்க சொன்னீங்களா? நான் சொன்னேனா? பாடமே நடத்தாம பரீட்சை மட்டும் வைக்கறோம்!

யாழினி இப்போ என்ன பண்றா தெரியுமா? குழந்தையைத் தூளியில போட்டதும், ரேடியோக்காரங்க மாதிரியே குரலை மாத்தி, "பாடியவர்... கே. எஸ். சௌபாக்கியம்!" சொல்லிட்டுத்தான் பாட்டைப் போடறா. குழந்தைக்கு என்ன புரியும்னு அவ மாமனாரே கேட்டுப் பார்த்தாரு. அவ நிறுத்தலை.

நீங்களும் இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு பாட்டைப் போடுங்க. திட்டாதீங்க... பிரசங்கம் பண்ணாதீங்க, அதுக்கு நான் இருக்கேன்! பாடினவங்க பேரை வாய் விட்டுச் சொல்லிட்டுப் பாட்டைப் போடுங்க. காது பிள்ளைங்ககிட்ட நல்லாத்தான் இருக்கு. பேருதான் இன்னும் நம்மகிட்டயே கிடக்கு... கொடுத்துடுவோங்க.